அஞ்சு கியர் ராட்டை

கையை எடுத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும் ராட்டை ஆரணியில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. சைக்கிள் சக்கரத்தில் செய்த ராட்டை எல்லா நெசவு வீட்டிலும் உண்டு. டயரைக் கழற்றிய வெறும் ரிம்மைக் கட்டையில் பொருத்தி, அதிலிருந்து ஒரு கயிற்றைக் கதிர் என்கிற சுழலும் கம்பிக்கு ஓட்டிவிடுவார்கள். கதிரில் தார்க்குச்சியைச் செருகி, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற ஊடைப் பட்டு நூலை அதில் சுற்ற வேண்டும். நூல் சுற்றிய குச்சிதான் தார். எங்கள் ராட்டையின் நடுவிலோ பெரிதும் சிறிதுமாக ஐந்து பல்சக்கரங்கள் அடுக்கியிருக்கும். அவற்றில் பெரியதில் ஒரு கைப்பிடியை போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். கைப்பிடியைத் தள்ளினால் சக்கரம் சுற்றும். கையை நிறுத்தினால், சைக்கிளில் பெடல் போடுவதை நிறுத்தினதும் கேட்குமே, அந்த டிக் டிக் டிக் சத்தத்தோடு சக்கரம் தன்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் ஓடி நிற்கும். இப்போது அது வேலூரில் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று மருமகள் இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவைப் பற்றி எழுத உட்காருகிறவர்களுக்கெல்லாம் முதல் வரியிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் நைனா குடித்ததில்லை, கை நீட்டி அடித்ததில்லை, தெருவில் யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பு உதட்டில் ஏறினால் வீட்டில் யாருக்கோ வலிக்கப்போகிறது என்று அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அவன் தங்கச்சியான எனக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா குழம்பில் உப்பைக் கூடப் போட்டுவிட்டால் திட்டமாட்டார். அடுத்து வருகிற விருந்தாளியிடம், "இவ கைக்கு உப்பு மேல ரொம்ப ஆசைங்க, கடலோரமா கட்டிக் குடுத்திருக்கணும்" என்று அவள் எதிரிலேயே சிரிப்பார். விருந்தாளியும் சிரிப்பான். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

ஆனால் தறியில் அவருக்கு இணை கிடையாது. இதைச் சொல்லாவிட்டால் எனக்கு வாய் வெந்து போகும். அவர் நெய்து கொண்டுபோன புடவை ஒன்றுகூட முதலாளி வீட்டிலிருந்து திரும்பி வந்ததில்லை. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் நைனா, மற்றொன்றில் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட அண்ணன். நான் பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் இருவருக்கும் தார் சுற்றுவேன். நீளவாட்டு நூலான பாவு ஒன்று நெய்து முடியும்போது அதை முழுதாக உருவி எடுக்கமாட்டார்கள். வாலை ஒரு முழம் தறியிலேயே விட்டு, புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு முறுக்கிப் பிணைப்பார்கள். இல்லாவிட்டால் அத்தனை இழையையும் மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். அந்தப் பிணைப்பில் நைனாவின் விரல் பட்டால் எது பழசு, எது புதுசு என்று தெரியாது. "பழச வெட்டி எறியறவன் நெசவாளி இல்ல. எது வந்தாலும் பழசோட பிணை" என்பார். அண்ணன் தாய்ப்பால் குடித்த காலத்திலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவன்.

அண்ணனுக்குத் தறியைக் கண்டால் வேப்பங்காய். காலைத் தறிக்குழிக்குள் தொங்கவிட்டுக்கொண்டு ஆயுசைக் கழிப்பதா என்று என்னிடம் மட்டும் சொல்வான். விடியுமுன் எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போளூர் ரோட்டில் மிதித்துவிட்டு வந்து வியர்வையோடு தறியில் இறங்குவான். தறியில் மிதிக்கட்டை மிதித்த கால் பெடலில் நன்றாகவே வேலை செய்தது. பொங்கலுக்குச் செய்யாற்றில் நடந்த சைக்கிள் பந்தயத்தில் முதலில் வந்தான். அப்புறம்தான் வேலூரில் மாவட்ட அளவில் போட்டி என்ற சேதி வந்தது. அதில் முதலில் வருகிறவனை மெட்ராசில் ஒரு சர்க்கார் கம்பெனி தன் அணியில் சேர்த்து வேலையும் கொடுக்கும் என்றார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் சர்க்கார் வேலை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அண்ணனுக்கு அது குழியிலிருந்து ஏறுகிற ஏணி. வேறு ஏணி அவனுக்கு இல்லை. நைனாவுக்கு அது ஒரு தறி சும்மா கிடக்கப்போகிற சேதி.

வேலூர் கல்லூரிப் பையன்கள் கியர் வைத்த சைக்கிளில் வருவார்கள் என்று அண்ணன் கேள்விப்பட்டான். இரும்புக் குதிரை போன்ற தன் ஒற்றைப் பல் சைக்கிளை வைத்துக்கொண்டு மேட்டில் அவர்களை எப்படிப் பிடிப்பது? பஸ் ஏறி மெட்ராஸ் போய், மூர்மார்க்கெட்டில் தேடி அலைந்து, ஏதோ சீமை சைக்கிளின் பின்சக்கரத்தைத் தேயாத ஐந்து பல்சக்கரங்களோடு கோணிப்பையில் சுற்றி எடுத்து வந்தான். கூடவே, செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளிவிடுகிற, இரண்டு குட்டிச் சக்கரம் வைத்த கருவியும், அதை இழுக்கிற கம்பியும் இருந்தன. பிள்ளை பெற்றவளைப் போல அதைத் துடைத்துத் துடைத்து வைத்தான். நம் சைக்கிளில் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற சிமிட்டாவில் அந்தச் சக்கரம் நுழையவில்லை. மார்க்கெட் பக்கம் இருந்த சைக்கிள் கடை பாய்தான் சிமிட்டாவைப் பதமாக விரித்துச் சக்கரத்தை உட்காரவைத்துக் கொடுத்தார். மீதி வேலைக்கு முன் பாய் ஒரு கல்யாணத்துக்காக ஆற்காடு போய்விட்டார். அவர் வரும்வரை காத்திருக்க அண்ணனுக்குப் பொறுமை இல்லை. வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுத் தானே உட்கார்ந்தான்.

இரண்டு குட்டிச் சக்கரங்களையும் சுற்றிவர வேண்டியிருந்ததால் பழைய செயின் நீளம் போதவில்லை. வேறு யாராக இருந்தாலும் புதுச் செயின் ஒன்று வாங்கி மாட்டியிருப்பான். அண்ணன் நெசவாளி வீட்டுப் பிள்ளை. ஆறு வருஷம் தேய்ந்த செயினை அப்படியே வைத்துக்கொண்டு, வாங்கிவந்த ஒரு துண்டுப் புதுச் செயினை அதோடு பிணைத்தான். ஆணியைத் தட்டி இறக்கி, மண்டையை நசுக்கி, அரத்தால் தேய்த்து, எண்ணெய் விட்டு, என்னைக் கூப்பிட்டு விரலால் தடவச் சொன்னான். "எது பழசு, எது புதுசு, சொல்லுமே பாக்கலாம்?" எனக்குத் தெரியவில்லை. ஆரணிக்குச் சுற்றுவட்டாரத்தில் தரை தோசைக்கல் போலத் தட்டை. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தான். ஐந்து பல்லிலும் செயின் ஏறி இறங்கிப் பட்டாக ஓடியது.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் நைனா டீ குடித்துவிட்டு வந்தார். முகத்தில் சிரிப்பு. நேராகச் சைக்கிள் பக்கம் போய்க் குந்தினார். செயினை ஒரு விரலால் தொட்டு, பிணைத்த இடம்வரை தடவிக்கொண்டே போனார். பாவில் குற்றம் பார்க்கிறபோது அப்படித்தான் தடவுவார். அண்ணன் மூச்சு விடாமல் நின்றான். என்ன குத்தல் வரப்போகிறதோ என்று நானும் காத்திருந்தேன். "நல்லா பிணைச்சிகிறடா" என்றார். அவ்வளவுதான். எழுந்து கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து அண்ணன் அவர் வாயால் கேட்ட முதல் பாராட்டு அது. அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். போட்டியில் ஜெயித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது. சாப்பாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றான்.

மறுநாள் நடந்ததைக் கூட ஓட்டிய பையன் ஒருவன் பிற்பாடு சொன்னான். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். தட்டை ரோட்டில் அண்ணன் முன்னால் இருந்த மூன்று பேரில் ஒருவன். மேடு வந்ததும் பெரிய பல்லுக்கு மாற்றி, சீட்டைவிட்டு எழுந்து முழு எடையையும் பெடலில் போட்டிருக்கிறான். செயின் பல்லின் மேல் எகிறியது. சமாளித்து மறுபடி மிதித்தான், மறுபடி எகிறியது. மூன்றாவது மிதியில் கால் வெறும் காற்றில் போக, ஆள் பக்கவாட்டில், ரோடு போடக் கொட்டிவைத்திருந்த ஜல்லிக் குவியலின் மேல் விழுந்தான். இடது முட்டிச்சில்லு மூன்றாக உடைந்தது. பிணைத்த இடம் மட்டும் விட்டுப்போகவில்லை. அதை அண்ணன் பெருமையாகச் சொல்வான், பாவம்.

ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் நைனா வந்து நின்றார். நாங்கள் அழுதுகொண்டிருந்தோம். அவர் குனிந்து அண்ணன் காலைப் பார்த்தார். "அஞ்சு கியர் போட்டுகினு எங்க வந்து சேந்த? ஆஸ்பத்திரிக்கு. இதுக்கு நடந்தே வந்திருக்கலாமேடா" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அப்படித்தான் அது இருக்கும், சிரிப்பு வருகிற மாதிரிதான் இருக்கும்.

முட்டி கூடியது, ஆனால் மடங்கவில்லை. கால் கட்டைபோல நீட்டியபடியே நின்றுவிட்டது. மடங்காத காலைத் தறிக்குழியில் எப்படி இறக்குவது? மகன் ரோட்டுக்குப் போகக்கூடாது என்று நினைத்தவருக்கு அவன் குழிக்கும் இல்லாமல் போனான். அதையும் நைனா வீணாக விடவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சைக்கிளிலிருந்து அந்தப் பின்சக்கரத்தைக் கழற்றி, கட்டையில் பொருத்தி, பல்லில் கைப்பிடி முடுக்கி, ராட்டை ஆக்கிவிட்டார். பழைய ராட்டை நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் கழியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது புது ராட்டையும் பக்கத்தில் ஒரு பாயும் காத்துக்கொண்டிருந்தன. "உன் சாமான் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் நைனா. அண்ணன் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்தான்.

அப்படியே வருஷங்கள் போயின. உறவுக்காரர் யார் வந்தாலும் நைனா காட்டுவார்: "எம்புள்ள ரேஸ் ஓட்டிகினு இருக்கான் பாருங்க." தார் தீர்ந்துபோய்த் தறியிலிருந்து குரல் வரும்: "அஞ்சு கியர் இருக்குதில்ல, இன்னும் ஜல்தியா சுத்துடா!" அண்ணன் தார் சுற்ற உட்கார்ந்ததால் எனக்கு ராட்டையிலிருந்து விடுதலை கிடைத்தது. பத்தாவது முடித்தேன், டைப்ரைட்டிங் படித்தேன், வேலூரில் ஆபீஸ் வேலைக்கு வந்தேன். என் படிப்பு அவன் முட்டியில் முளைத்தது. லீவுக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். சுற்றிக்கொண்டே இருப்பவன் சில சமயம் கையை நிறுத்திவிடுவான். சக்கரம் டிக் டிக் என்று தானாக ஓடும். அவன் நூலைப் பிடித்த விரலோடு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். போளூர் ரோட்டை நினைத்துக்கொள்கிறான் என்று எனக்குத் தோன்றும். அம்மாவிடம் சொன்னேன். "பேஜாரு புடிச்ச சத்தம், வுடு" என்றாள்.

நைனாவின் கை கெட ஆரம்பித்ததும் அந்த வருஷங்களில்தான். நாடா பாதி தூரம் போகையில் தாரிலிருந்து நூல் கொத்தாகச் சரியும். சிக்கி அறுந்து, பாவு இழைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். எப்போதும் இல்லை, எப்போதாவது. அதுதான் அவரைத் தின்றது. முதலில் பட்டைத் திட்டினார். சாயக்காரரைத் திட்டினார். மழை ஈரம் என்றார். தாரை நாடாவில் வைக்கும் முன் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார், கல்லைப்போல இறுக்கமாகத்தான் இருக்கும். கடைசியில் திட்ட யாரும் மிச்சமில்லாமல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். ஒரு புடவை திரும்பி வந்தது. அப்புறம் இன்னொன்று. முதலாளி வீட்டுக் கூடத்தில் நாலு பேர் எதிரில் புடவையை விரித்துப்போட்டு, "இன்னாப்பா, வயசாயிடுச்சா?" என்று கேட்டாராம். நாலு பேரும் சிரித்தார்களாம். நைனா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார் என்று அம்மா சொன்னாள். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கண்ணில்தான் கோளாறு என்று வேலூருக்கு வந்தார். டாக்டர் பார்த்துவிட்டுக் கண் வயசுக்கு நன்றாகவே இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். கூனிப்போய் உட்கார்ந்திருந்தார். மனசு கேட்காமல், "அண்ணன் கால் நல்லா இருந்தா உனக்கு இந்த வயசுல தறி எதுக்கு நைனா? எல்லாம் அவன் தலையெழுத்து" என்றேன். அவர் நிமிர்ந்தார். வெகுகாலமாகக் காணாமல் போயிருந்த அந்தச் சிரிப்பு உதட்டுக்கு வந்தது.

"தலையெழுத்தா? போட்டிக்கு மொத நாளு அந்த பாய் ஊருக்குத் திரும்பிட்டான்மே. டீக்கடையில பாத்தேன். இவன் செயின பிணைச்ச கதைய சொன்னேன். 'ஐயோ, புதுப் பல்லுல பழைய செயின் ஒக்காராதுங்க. தட்டையில தெரியாது, மேட்டுல ஏறி மிதிச்சா எகிறி ஆளத் தள்ளிடும். எங்கிட்ட முழு செயினு கீது, பையன இப்பவே அனுப்புங்க, மாட்டித் தரேன்'ன்னான். சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்."

"அண்ணன்கிட்ட சொல்லலையா?"

"இன்னாத்துக்குச் சொல்லணும்? நான் கத்துக்குடுத்தா மாதிரிதானே பிணைச்சான்?" டீயை உறிஞ்சினார். "ஜெயிச்சா போயிடுவான். தோத்தா வீட்டுல இருப்பான்னு நெனச்சேன். காலு போவும்னு யாரு கண்டா?"

அன்று சாயங்காலம் செயினைத் தடவிய விரல் என் கண்முன் வந்து நின்றது. 'நல்லா பிணைச்சிகிறடா.' தெரிந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறார். டீ தம்ளரை அவர் தலையில் கொட்டியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. பஸ் ஏற்றிவிட்டேன். இதை அண்ணன் காதில் மட்டும் போடக்கூடாது என்று முடிவு செய்தேன். அவன் வாழ்க்கையில் கேட்ட ஒரே ஒரு நல்ல வார்த்தை அது. அதையும் பிடுங்கினால் அவனிடம் என்ன இருக்கும்? அடுத்த வருஷம் நைனா தறியைவிட்டு இறங்கினார். இறங்கியவர் மீண்டும் நிமிரவே இல்லை. கை போய்விட்டது, கை போய்விட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்து, எண்பதுகள் முடியுமுன் செத்துப்போனார்.

காரியம் முடிந்த மறுநாள், வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு, அண்ணன் வழக்கம்போல ராட்டைக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அன்று ஏனோ என்னால் அடக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் கேட்டதெல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுதேன். அவன் அழவில்லை.

"பாய் ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்லிட்டாருமே" என்றான். "'உங்க நைனாகிட்ட அவ்ளோ சொன்னேனே, நீ ஏன் வரல'ன்னு கேட்டாரு. நைனா வந்து நிக்கறதுக்கு முந்தியே."

"அப்பவே தெரியுமா? இத்தினி வருஷமா அவரை ஒரு வார்த்தை கேக்கலையா நீ?"

அவன் ஒரு தார்க்குச்சியைக் கதிரில் செருகினான். நூலை ஒட்டிச் சுற்றத் தொடங்கினான். கொஞ்சம் சுற்றியதும் கையை நிறுத்தினான். சக்கரம் டிக் டிக் என்று தானாக ஓடியது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நூலைப் பிடித்திருந்த விரலை மெல்லத் தளர்த்தினான். நூல் தாரில் தொளதொளவென்று போய்ப் படிந்தது. பிறகு விரலை இறுக்கி, கைப்பிடியைப் பிடித்து, அதன் மேல் அழுத்தமாகச் சுற்றி மூடினான். உருவி என் கையில் கொடுத்தான்.

"அமுக்கிப் பாரு."

அமுக்கினேன். கல்லைப்போல இருந்தது.

"எல்லாத்துலயும் பண்ண மாட்டேன். எப்பனாச்சும் ஒண்ணு. நாடா பாதி போனதும் உள்ள சரிஞ்சிடும்" என்றான். தறிக்குழிப் பக்கம் பார்த்தான். "அவரு சொல்லல. நானும் சொல்லல."

அதற்குப் பிறகு அண்ணன் ராட்டையைத் தொடவில்லை. தறிகளை விற்றான். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிற வேலைக்குப் போய், மற்றவர்களின் சைக்கிள்களுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்தே காலத்தை முடித்தான். நைனா பெயர் வந்தால், "நல்ல கைய்யா அது" என்பான், முகம் மாறாமல். நான் மட்டும் அந்த ராட்டையைத் தூக்கி வந்துவிட்டேன்.

போன வாரம் பரணைத் துடைக்க மருமகள் அதைக் கீழே இறக்கினாள். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எண்ணெய் காயவில்லை போலிருக்கிறது, சக்கரம் டிக் டிக் டிக் என்று ஓடியது. "எவ்ளோ ஸ்மூத்தா ஓடுது அத்தே! யாரு செஞ்சது?" என்று கேட்டாள். "எங்க நைனா" என்றேன். "நல்ல வேலைக்காரரா இருந்திருப்பாரு இல்ல?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, உள்ளங்கையை ரிம்மில் வைத்துச் சக்கரத்தை நிறுத்தினேன். மற்றதை நானும் சொல்லவில்லை.